இரும்பில் பதித்த பெயர்கள் – 7: அல்பசேத்தேயின் மடக்குக் கத்திகள்

டொலேடோ நகரத்து வாட்கொல்லர்கள் தங்கள் பெயரையும் அடையாளத்தையும் அலகின் அடியில் பதித்துவந்த வழக்கத்தையும், பிரான்சிஸ்கோ தெ சாந்தியாகோ இ பலோமாரெஸ் என்பவர் 1762-ஆம் ஆண்டில் அவ்வடையாளங்களில் 99-ஐத் திரட்டிப் பட்டியல் ஒன்று வரைந்து வைத்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். அரசரும் பிரபுக்களும் இடையில் தரித்த ஆயுதமாதலால், வாளைச் செய்தவனுடைய பெயரைக் காப்பாற்றவும் ஒருவர் முன்வந்தார். கோவேறு கழுதை ஓட்டியும் உழவனும் மாலுமியும் இடைக்கச்சையில் செருகிக்கொண்டு திரிந்த மடக்குக் கத்திக்கு, ஸ்பானியர் நவாஹா என்று வழங்கும் அந்த எளியவர் ஆயுதத்துக்கு, அக்காலத்தில் அப்படிப்பட்ட ஒரு பலோமாரெஸ் வாய்க்கவில்லை. ஆகையால், பழைய நவாஹாக்களைச் சேகரிக்க விரும்புகிறவர் ஒவ்வொரு கத்தியையும் தனித்தனியே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரித்துத்தான் அதன் பிறப்பை அறிய வேண்டியிருக்கிறது.

மாட்ரிடிலிருந்து தென்கிழக்கே, லா மாஞ்சாவின் வறண்ட சமவெளியில் இருக்கிறது அல்பசேத்தே. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இவ்வூர்க் கொல்லர்கள் எழுத்தர்களின் மேஜைக்கென்று செய்த நீண்ட கத்தரிக்கோல்கள் மிகவும் நேர்த்தியானவை. பூவேலைப்பாட்டோடு, செய்தவன் பெயர், ஊர், வருஷம் ஆகியவற்றையும் அலகிலேயே செதுக்கியிருப்பதைப் பல கத்தரிக்கோல்களில் காணலாம். அதே ஊரில் செய்த பழைய நவாஹாக்களிலோ பெரும்பாலும் நாலைந்து எழுத்தும், சிறு கிரீடமோ சிலுவையோதான் மிஞ்சும். ஒன்றுமே இல்லாதவையும் உண்டு. ஒரே ஊரில் ஒரே தொழில் செய்தவர்கள் கத்தரிக்கோலில் இவ்வளவு தாராளமாகவும் கத்தியில் இவ்வளவு சுருக்கமாகவும் பேசியதற்குக் காரணம் என்ன?

அரசாங்கத்தின் கெடுபிடியும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஐந்தாம் பிலிப் மன்னர் காலத்திலேயே சிறு கத்திகளுக்கும் குத்துவாள்களுக்கும் தடை வந்துவிட்டது. அவர் மகன் மூன்றாம் சார்லஸ் 1761-இல் பிறப்பித்த ஆக்ஞையோ, விரித்ததும் வில்லால் இறுகி நிற்கும் நவாஹாவைக் குறிப்பாகவே பெயர் சொல்லி விலக்கியது. கூர்நுனி உள்ள சமையற்கத்தியைக்கூட இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாகாது என்றது. பிடிபட்டவர் பிரபு வம்சத்தவரானால் ஆறு வருஷம் சிறைக்கோட்டை வாசம்; சாமானியரானால் அதே ஆறு வருஷம் சுரங்க வேலை. இப்படிப்பட்ட காலத்தில், எழுத்தர் மேஜையில் பகிரங்கமாகக் கிடக்கப்போகும் கத்தரிக்கோலில் பெயரை விரிவாகப் பொறிக்கும் கொல்லன், இடைக்கச்சையில் ஒளிந்து போகப்போகும் கத்தியில் கையடக்கமாக இருந்துகொள்வது இயல்புதானே?

என் மேஜைமேல் இருக்கும் ஒரு நவாஹாவை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மடக்கினால் ஒரு சாணுக்குச் சற்று மிகும். பிடி காளைக்கொம்பு, அதன் தலைமாட்டில் பித்தளைப் பூண். பிடியின் முதுகில் நீண்ட எஃகு வில் ஒன்று படிந்திருக்கிறது. அதன் நுனியருகே ஒரு சதுரத் துவாரம். அலகின் வேரில் வரிசையாகப் பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அலகை விரிக்க விரிக்க, ஒவ்வொரு பல்லும் துவாரத்தில் விழுந்து விழுந்து, கிணற்று ராட்டினம் உருளுவதுபோலக் கடகடவென்று சப்திக்கும். முழுவதும் விரிந்தபின் கத்தி தானாக மடங்காது. வில்லோடு பிணைத்த வளையத்தை விரலால் இழுத்து வில்லைத் தூக்கினால்தான் மடங்கும். பற்கள் தேய்ந்திருக்கும் விதத்தையும், வில் பிடியோடு பொருந்தியிருக்கும் விதத்தையும் முதலில் பார்த்துவிட்டு, அதன்பிறகே முத்திரையைப் பார்ப்பது என் வழக்கம். முத்திரையை முதலில் படித்துவிட்டால், மனம் அந்தப் பெயருக்கு அடிமையாகி, கத்தி சொல்லும் மற்ற விஷயங்களைக் கேட்க மறுத்துவிடுகிறது.

முத்திரையைப் படிப்பதற்கு நேர் வெளிச்சம் உதவாது. ஜன்னலோரத்தில் அலகைச் சாய்த்துப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் தவழும்படி செய்தால், துருவுக்குள் புதைந்த கோடுகள் நிழல் கட்டி எழுந்து வரும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டால், கண்ணுக்குப் பிடிபடாத எழுத்தும் சில சமயம் காகிதத்தில் பிடிபடும். உளி கொண்டு செதுக்கிய கோட்டில் இரும்பு வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். முத்திரைக் கருவியை வைத்துச் சுத்தியலால் அடித்த அடையாளத்திலோ, இரும்பு எங்கும் போகாமல் நெருக்குண்டு ஓரங்களில் சற்றே விம்மி நிற்கும். என் கத்தியில் இருப்பது இரண்டாம் வகை. மூன்று எழுத்துகள் தெளிவு, நாலாவது எழுத்தைத் துரு தின்றுவிட்டது.

அந்தத் துருவே நல்ல சாட்சி. முத்திரை அடித்த பிறகு நூறு வருஷம் கழிந்திருந்தால், துருவின் குழிகள் அலகின் மற்ற பாகங்களைப் போலவே எழுத்துகளின் ஓரத்தையும் அடியையும் அரித்திருக்கும். பழைய துருவேறிய அலகில் அண்மையில் யாரோ ஒரு பெரிய பெயரை அடித்து விலையேற்றியிருந்தால், குழிகளை நசுக்கிக்கொண்டு எழுத்தின் விளிம்பு மட்டும் புத்தம் புதிதாய் நிற்கும். இதனால்தான், பழங்கத்தி கைக்கு வந்ததும் உப்புத்தாள் கொண்டு பளபளவென்று தேய்த்துவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையாகவே மனம் வேதனைப்படுகிறது. அவர்கள் துருவோடு சாட்சியத்தையும் துடைத்துவிடுகிறார்கள். துளி எண்ணெயும் பருத்தித் துணியும் போதும்.

முத்திரை உண்மையாகப் பழையதே என்று நிரூபணமான பிறகும் விசாரணை முடிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸின் தியேர், ஷாத்தெல்ரோ ஆகிய ஊர்ப் பட்டறைகள் ஸ்பெயின் சந்தைக்கென்றே நவாஹாக்களை ஏராளமாகச் செய்து அனுப்பின. தியேர் நகரத்தில் ஒவ்வொரு கொல்லனும் தன் அடையாளத்தை உலோகத் தகட்டில் அடித்துப் பதிவு செய்துகொள்ளும் மரபு நெடுநாளாக இருந்தது. அங்கே முத்திரை என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்த கத்திகளிலேயே ஸ்பானியப் பெயர்களும் வாசகங்களும் பதிந்திருப்பதைச் சேகரிப்பாளர் நினைவில் வைக்க வேண்டும். இத்தகையவற்றைப் போலி என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. செவில்லியாவின் துறைமுகத்துக் கூலியாள் காசு கொடுத்து வாங்கி, ரொட்டி அறுத்து, சண்டைக்கும் உருவிய கத்தி எந்த ஊர் உலையில் காய்ந்திருந்தாலும் ஸ்பானிய வாழ்க்கையின் ஓர் அங்கமே. செய்த ஊரைச் சரியாகக் குறித்து வைத்தால் போதுமானது.

பிறகு ரயில் வந்தது. மாட்ரிடிலிருந்து இருப்புப்பாதை 1855-இல் அல்பசேத்தேயை எட்டியதும், இடுப்புக் கச்சை நிறையக் கத்திகளைச் செருகிக்கொண்ட வியாபாரிகள் நிலையத்துக்கே வந்து பிரயாணிகளிடம் விற்கத் தொடங்கினார்கள். பாரன் தாவில்லியே என்ற பிரெஞ்சுக் கலாரசிகர், சித்திரக்காரர் குஸ்தாவ் தொரேயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஸ்பெயினில் யாத்திரை செய்து 1874-இல் வெளியிட்ட பெரிய நூலில், நவாஹாச் சண்டைக்காரர்களைத் தொரேயின் சித்திரத்தில் காணலாம். ஊர் ஞாபகத்துக்காக வாங்கும் அந்நியர் பெருகப் பெருக, அலகில் அலங்காரமும் வாசகமும் பெருகின. ‘என் எஜமானன் வாழ்க’ என்று பொருள்படும் ஸ்பானிய வாசகம் எத்தனையோ கத்திகளில் காணப்படுவது. வாய்யே-இன்க்ளான் 1928-இல் தம் நாவல் ஒன்றுக்கு அதையே பெயராகச் சூட்டினார்.

அல்பசேத்தேக்குப் போகிறவர்கள் கதீட்ரலுக்கு எதிரே, 1912-இல் கட்டிய ஹோர்தெலானோ மாளிகையில் 2004 முதல் இயங்கும் கத்தி அருங்காட்சியகத்தை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். பெரிய பெயர் பொறித்தவற்றின் முன் கூட்டம் நிற்கும். பெயரில்லாத எளிய கத்திகளிடமும் சற்று நின்று, அவற்றின் வில்லையும் பூணையும் ஒப்பிட்டுக் கொண்டால், கைக்கு வரும் அநாமதேயக் கத்தியைக் காலத்தாலும் ஊராலும் இனம் கண்டுகொள்ளும் பயிற்சி அங்கேதான் கிடைக்கும். அடுத்த வாரம் வடக்கே அஸ்தூரியாஸ் மலைப்பக்கம் போய், மரப்பிடியில் வர்ணக் கோலம் தீட்டும் தாரமுந்தி கொல்லர்களைச் சந்திப்போம்.