உஷார்! ‘ஆட்’டை மட்டும் பூட்டினால் போதாது

ஜாவாவின் அர்ரேலிஸ்ட்டை எக்ஸ்டெண்ட் செய்து சொந்தமாக லிஸ்ட் கிளாஸ் எழுதப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

பணத் தொகைகளை வைக்கும் லிஸ்ட் ஒன்று. மைனஸ் தொகை உள்ளே வரவே கூடாது. உடனே ‘ஆட்’ மெத்தடை ஓவர்ரைடு செய்து, அதற்குள் ஒரு சோதனையை எழுதிவிடுவார்கள். டெஸ்ட் பாஸ் ஆகும். ஆனால் ‘ஆட்ஆல்’ என்று அழைத்துப் பாருங்கள். மைனஸ் தொகைகள் கூட்டமாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்! அர்ரேலிஸ்ட்டின் ‘ஆட்ஆல்’ நீங்கள் எழுதிய ‘ஆட்’ பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் அர்ரேயில் நேராகக் காப்பி செய்துவிடுகிறது. இன்டெக்ஸ் வாங்கும் ‘ஆட்’, ‘செட்’, ‘ரீப்ளேஸ்ஆல்’, லிஸ்ட் இட்டரேட்டர் என்று இன்னும் எத்தனை வாசல்கள் திறந்து கிடக்கின்றன! கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. 2023-ல் வந்த ஜாவா 21, லிஸ்ட் இன்டர்ஃபேஸில் ‘ஆட்ஃபர்ஸ்ட்’, ‘ஆட்லாஸ்ட்’ என்று புதிதாக இரண்டைச் சேர்த்தது. நேற்று எல்லாவற்றையும் பூட்டியவரும் இன்று மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஹாஷ்செட்டில் ஆபத்து நேர் எதிர்த் திசையில் வருகிறது. அதன் ‘ஆட்ஆல்’ ஒவ்வொன்றுக்கும் ‘ஆட்’டை அழைக்கும். எத்தனை சேர்க்கப்பட்டன என்று எண்ணுவதற்காக இரண்டையும் ஓவர்ரைடு செய்தால், மூன்று சேர்த்ததற்கு ஆறு என்று காட்டும். கலெக்‌ஷன்ஸை வடிவமைத்த ஜோஷுவா பிளாக்கே ‘எஃபெக்டிவ் ஜாவா’வில் இதை வைத்துத்தான் எச்சரிக்கிறார்.

அப்படியானால் லிஸ்ட்டுக்கு என்ன வழி? அர்ரேலிஸ்ட்டுக்குப் பதிலாக அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டை எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். அர்ரேலிஸ்ட் உள்ளே ஒரு பிரைவேட் ஃபீல்டாக இருக்கட்டும். ‘கெட்’, ‘சைஸ்’, ‘செட்’, இன்டெக்ஸ் வாங்கும் ‘ஆட்’, ‘ரிமூவ்’ ஆகிய ஐந்தையும் எழுதிவிட்டால், ‘ஆட்ஆல்’ உட்பட மற்றவை இவற்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். சோதனையை ‘ஆட்’, ‘செட்’ இரண்டிலும் வையுங்கள்.

இங்கும் கவனம் தேவை. ஐந்தில் ‘கெட்’, ‘சைஸ்’ மட்டும்தான் அப்ஸ்ட்ராக்ட். ‘ஆட்’டை எழுத மறந்தாலும் கம்பைல் ஆகிவிடும்; ஆனால் புரோகிராம் ஓடும்போது முதல் ‘ஆட்’டிலேயே அன்சப்போர்ட்டட்ஆபரேஷன் எக்ஸெப்ஷன் வெடிக்கும்.

உள்ளே இருப்பது லிங்க்டு லிஸ்ட் என்றால் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட்டைத் தொடவே தொடாதீர்கள். அதன் இட்டரேட்டர் ஒவ்வொரு அடிக்கும் ‘கெட்’டை அழைக்கும்; ‘கெட்’டோ ஒவ்வொரு முறையும் முதல் நோடிலிருந்து நடக்கும். ஒரு லட்சம் உறுப்புகளை ஒருமுறை சுற்றிவரவே ஏறக்குறைய 500 கோடி நடை! அதற்கென்றே அப்ஸ்ட்ராக்ட்சீக்வென்ஷியல்லிஸ்ட் இருக்கிறது. ‘லிஸ்ட்இட்டரேட்டர்’, ‘சைஸ்’ இரண்டையும் எழுதினால், ‘கெட்’ உட்பட மற்றவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும்.