கைக்காசும் காட்சிப் பேழையும்

நாணயம் சேகரிப்போர் அரிய காசைத் தேடி அலைவது யாவரும் அறிந்ததே. சிற்சிலவாக அச்சிடப்பட்டவை, பிழையோடு வெளிவந்தவை, மன்னர் ஒருவரின் குறுகிய ஆட்சிக் காலத்தில் தோன்றியவை ஆகியவற்றையே அவர்கள் விரும்புவர். ஆயினும், பெருந்தொகையாக அச்சிடப்பட்டு நாடெங்கும் புழங்கிய காசுகள் சில, சேகரிப்பாளர் கண்ணில் ஒருமுறையேனும் படாமல் மறைந்துவிடுவதும் உண்டு. அரிய காசு அகப்படுகிறது. எளிய காசு அகப்படுவதில்லை. இவ்விந்தையின் காரணத்தை அறிய, ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

இலங்கையின் காசு வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு ஆங்கில நாணய முறை நடைமுறைக்கு வந்தது. ஆங்கில நாட்டுப் பார்திங்கும் இந்நாட்டு ஏழையின் கொடுக்கல் வாங்கலுக்குப் பெரிதாயிருந்தமையால், இலங்கைக்கென்றே அரைப் பார்திங், கால் பார்திங் என்னும் செப்புக் காசுகள் லண்டனில் அச்சிடப்பட்டன. 1839-இல் முதலில் தோன்றிய கால் பார்திங் பின்னர் 1851 முதல் 1853 வரை வெளிவந்தது. ஆங்கில முறையில் பிறந்த காசுகளுள் இதனினும் சிறு மதிப்புடையது பிறிதொன்றில்லை. ஆங்கில நாட்டுச் சந்தையில் புழங்காத இச்சிறு காசை இன்று அந்நாட்டுச் சேகரிப்பாளர் பட்டுத் துணியில் வைத்துப் போற்றுகின்றனர்.

1872 ஜனவரி முதலாந் தேதி தொடக்கம் ரூபாவும் நூறு சதமும் கொண்ட தசம முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கென 1870-ஆம் ஆண்டு பொறித்த கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் ஆகிய செப்புக் காசுகள் ஆயத்தமாயின. ஒரு புறம் விக்டோரியா மகாராணியின் தலையும், மறுபுறம் நெடிய பனை மரமொன்றும் அவற்றில் விளங்கின. மரத்தின் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு எழுதப்பட்டிருந்தது. பள்ளி வாசலை மிதியாத தோட்டத் தொழிலாளி ஒருவரின் கைக்கு நாள்தோறும் வந்து சேர்ந்த தமிழெழுத்து இதுவே எனல் மிகையன்று.

1892-இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக் காசுகளும், 1909-இல் சதுர வடிவான ஐந்து சதக் காசும் தோன்றின. ஒரு ரூபா மட்டும் இந்திய நாணயமாகவே நெடுங்காலம் வழங்கிற்று. இலங்கை தனக்கென ஒரு ரூபா நாணயத்தை முதன்முதலாக அச்சிட்டது 1957-இல்தான்.

இனி, பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் இக்காசு நடந்த வழியைக் காண்போம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927-இல் இயற்றப்பட்டு, 1929-இல் நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டில் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதமும், பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. ஆனால் அச்சம்பளம் நாள்தோறும் கைக்கு வந்ததன்று. செக்றோலில் பேர் விழுந்து, மாதம் முடிந்து, அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழிவு போன பின்னரே எஞ்சியது சம்பள நாளில் வழங்கப்பட்டது. இதனின் வேறாக, ஓய்வு நாளில் பறித்த கொழுந்துக்கு இறாத்தல் கணக்கில் கிடைத்த கூலியைத் தோட்டத்து மக்கள் கைக்காசு என்றனர். சில்லறைக் காசு அவர்தம் வாழ்வில் எத்துணை பெரிதென்பதை அப்பெயரே உணர்த்தும்.

அக்காசு லயத்தில் தங்கியதில்லை. சுருக்குப்பையிலும் முந்தானை முடிச்சிலும் ஓரிரவு உறங்கி, மறுநாள் கடைக்குச் சென்றது. கருவாட்டுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வெற்றிலைக்கும் ஈடாகிக் கடைக்காரர் பெட்டியில் விழுந்தது. அங்கிருந்து நகரத்து மொத்த வணிகருக்கும் வங்கிக்கும் போய்ச் சேர்ந்தது. மறுமாதம் மீண்டும் மலையேறியது. இவ்வாறு ஓயாது நடந்த காசு எழுத்துத் தேய்ந்து, முகம் மழுங்கிற்று. தேய்ந்த காசை அரசு திரும்பப் பெற்று உருக்கிவிடுதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கம்.

எளிய காசு மறைவதன் முதற் காரணம் இதுவே. சேமித்தவர் வெள்ளியைச் சேமித்தனர், செப்பைச் செலவிட்டனர். இதனை வலியுறுத்தப் பழைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. பொலன்னறுவைக் கால மன்னர் வெளியிட்ட செப்புக் காசுகளும், ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல் பொறித்த யாழ்ப்பாண அரசர் காசுகளும் பல நூற்றாண்டு கடந்தும் இன்று அகப்படுகின்றன. அவற்றை அக்கால மக்கள் பானையிலிட்டுப் புதைத்ததே அதற்குக் காரணம். புதைந்தது பிழைத்தது, புழங்கியது அழிந்தது. எண்ணூறு ஆண்டு முந்திய காசு எளிதிற் கிடைக்க, கொள்ளுப்பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த கால் சதம் கிடையாதிருப்பது இதனாலன்றோ! அக்கால் சதம் 1904-க்குப் பின் அச்சிடப்படவில்லை; அரைச் சதமும் 1940-ஓடு நின்றது.

இரண்டாவது காரணம் உலோகத்தின் விலை. முதல் உலகப் போரின் பின் வெள்ளிக் காசுகளில் வெள்ளியின் அளவு குறைக்கப்பட்டது. குறைந்த காசு சந்தைக்கு வர, நல்ல காசு ஒளிந்துகொள்ளும் என்பது பொருளியலார் கண்ட விதி. ஒளிந்த வெள்ளி பெரும்பாலும் தட்டாரின் உலைக்குச் சென்று கொலுசும் மிஞ்சியும் ஆயிற்று. சில ரூபாக்கள் துளையிடப்பட்டு மாலையிற் கோக்கப்பட்டன. துளையிட்ட காசைச் சேகரிப்பாளர் பழுதென ஒதுக்குவர். அதனை அணிந்த பெண்ணுக்கோ அது குடும்பத்தின் முழு முதலாயிருந்தது.

மூன்றாவது போர். 1942-இல் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய காலத்தில் உலோகம் அரிதாயிற்று. ஒரு சதக் காசு மெலிந்தது. ஐந்து சதம் பித்தளையாக மாறிற்று. சில்லறைக்கெனச் சிறு தாள்களும் வெளிவந்தன. அவற்றுள் ஐந்து சதத் தாள் ஒன்று, நடுவே கிழித்தால் இரண்டு சதமும் மூன்று சதமுமாகப் பிரியும் வண்ணம் துளைக்கோடிட்டு அமைக்கப்பட்டது. மலை மழையில் நனைந்து, வியர்வையில் ஊறி, கைமாறிய தாள் எத்தனை நாள் நிலைக்கும்?

நான்காவது காரணம் தோட்ட மக்களுக்கே உரியது. 1964-இல் செய்யப்பட்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியோராயினர். பின்வந்த ஆண்டுகளில் ஊவாத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறின. பெட்டியின் அடியிற் கிடந்த பழஞ்சதம் அக்கரையில் செல்லாக்காசு. குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகி, பழைய உலோகத்தோடு எடைக்குப் போனவையே அவற்றிற் பல. காசை நினைவில் வைத்திருந்த குடும்பமும் காசும் ஒருங்கே இடம்பெயர்ந்தமையால், அதன் கதை சொல்லவும் ஆளில்லாது போயிற்று.

காசியல் அறிஞர் கோட்ரிங்டன் 1924-இல் கொழும்பு நூதனசாலையின் வெளியீடாக இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூல் ஒன்றைத் தந்தார். அத்தகைய நூல்கள் காசின் உலோகத்தையும் எடையையும் ஆண்டையும் கூறும். அக்காசு எந்த லயத்தில், எவர் முந்தானையில், எந்த நாள் கூலியாக இருந்தது என்பதை அவை கூறமாட்டா. அதனைக் கூறவல்லவர் அக்குடும்பத்தாரே.

ஆதலின், பழைய சதமொன்று வீட்டில் அகப்படுமாயின், புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குதல் ஆகாது. அவ்வாறு செய்தால் எஞ்சியுள்ள எழுத்தும் அழியும். உலர்ந்த காகிதத்தில் மடித்து, கிடைத்த இடம், வைத்திருந்தவர் பெயர், அவர் வேலை செய்த தோட்டம், மூத்தோர் அதுபற்றிச் சொன்ன செய்தி ஆகியவற்றை எழுதி உடன்வைத்தல் நன்று. பள்ளிக்கூடமொன்றில் ஓர் அலுமாரித் தட்டு இதற்கெனப் போதும்.

விற்கப் புகுந்தால் தேய்ந்த சதம் பெரும்பணம் தராது. ஆனால் ஊரும் பேரும் தெரிந்த ஒரு தேய்ந்த சதம், கொழுந்துக்கூடை சுமந்து ஒருத்தி ஈட்டிய கைக்காசுக்குச் சான்று. அச்சான்று எந்தக் காட்சிப் பேழையிலும் இதுவரை இடம்பெறாதிருக்கலாம். லயத்துப் பெட்டியில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அவற்றைத் தேடுதற்கு ஏற்ற காலம், பழங்கதை சொல்லும் பாட்டிமார் வாழும் இக்காலமே.