உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் ஏடு

செஞ்சி ராஜகிரிக் கோட்டையில் கிடக்கும் பெரிய பீரங்கியில் 7560 என்று ஓர் எண் பொறித்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது எடையா, வரிசை எண்ணா என்று சொல்ல எந்த ஏடும் மிஞ்சவில்லை. ஏடு தொலைந்துவிட்டால் எண் ஊமைதான். இன்று துப்பாக்கி உரிமம் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அரசு ஒரு தனி அடையாள எண் தருகிறது. அந்த எண் பதிவாகும் ஏட்டுக்குப் பெயர் ‘தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம்’. எண் இல்லாத உரிமம் இப்போது செல்லாது.

பீரங்கியின் ஏடு மிஞ்சாததில் வியப்பில்லை: 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று செஞ்சிக் கோட்டை கை மாறிக்கொண்டே இருந்தது.

துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும் என்பதை நாடு முழுக்க இறுக்கியது வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டம். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்குக் கட்டுப்பாடு. அந்த அவமானம் எவ்வளவு ஆறாமல் இருந்தது என்றால், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைப் பட்டியலிலேயே, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

செஞ்சிக்காரர் ஒருவர் உரிமம் கேட்க வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆகும் வரை அது கடலூர்ப் பயணம். இன்று இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதைவிடப் பெரிய மாற்றம் 2016-ஆம் ஆண்டு விதிகள் வைத்த கெடு: காவல் நிலைய அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்தபின் முடிவு சொல்ல 60 நாள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ‘பார்க்கலாம், அப்புறம் வாங்க’ என்ற பதிலுக்கு இதில் இடமில்லை. கணினி வாங்கி வைப்பதைவிட இந்தக் கெடுவைக் காப்பாற்றுவதைத்தான் நான் நவீனம் என்பேன்.

செஞ்சிக்கு அருகே ஒரு பெரியவர் தன் பழைய உரிமப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, நிலப் பத்திரங்களோடு வைத்திருந்தார். மூன்று ஆண்டுக்கு ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. ஊதா மை பக்கத்துக்குப் பக்கம் ஊறிப்போய், ஓரிடத்தில் துப்பாக்கியின் எண்ணே பாதி அழிந்திருந்தது. ஒரு மழைக்குப் போய்விடக்கூடிய ஆவணம் அது. கணினிப் பதிவு ஏன் வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தது அந்தப் பக்கம்தான். (2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு உரிமக் காலம் ஐந்து ஆண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன.)

ஏடு சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை சுமார் 2.78 லட்சம் உரிமங்கள் தகுதி இல்லாதவர்களுக்கு வழங்கப்பட்டதாக சிபிஐ வழக்கு நடத்துகிறது.

தேசிய ஏடு விஷயத்தில் அமெரிக்கா நமக்கு நேர் எதிர். துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை மத்திய அரசு உருவாக்கவே கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நியூசிலாந்தோ, 2019-இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2023-இல் பதிவேட்டைத் தொடங்கியது.

உரிமமே தேவைப்படாத இந்தியர்களும் உண்டு! குடகின் கொடவ இனத்தவருக்கும் அங்குள்ள ‘ஜம்மா’ நில உரிமையாளர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே விலக்கு. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

பயிர்ப் பாதுகாப்புக்கு, குழாயின் வாய் வழியே வெடிமருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். ஆனால் அந்த உரிமம் காட்டுப்பன்றியைக் கொல்ல அனுமதி அல்ல. அது வன உயிரினச் சட்டத்தின் கீழ் வரும் வேறு விஷயம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறைதான் சுடலாம். இரவெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் காவல் இருக்கும் விவசாயி இந்த வித்தியாசம் தெரியாமல் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது. விண்ணப்பத் திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியும், எச்சரிக்கையும் அவருக்குத் தமிழில் தெரிய வேண்டும்.

உடல்நலச் சான்றோடு மனநலமும் பார்க்கப்படுகிறது, தெரியுமா? கல்யாணத்தில், திருவிழாவில் மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

அப்பாவின் துப்பாக்கி மகனுக்குத் தானாக வந்துவிடாது. உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். 70 வயதானவரோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். தேர்தல் நேரத்திலும் ஒப்படைக்கச் சொல்லலாம். எப்போது ஒப்படைத்தாலும் ரசீது வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் எண்ணும் துப்பாக்கியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.