கம்பெனி கைவிட்ட காரை நம்பி வாங்கலாமா? டட்சன் கதையும் உங்கள் கம்ப்யூட்டரும்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டது. அடுத்து ஒரு சிறிய கார் வாங்கலாமே என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. புதிய கார் வாங்கக் கையில் பணம் போதாது. எனவே பழைய கார்களின் பட்டியலைத் திரையில் பார்க்கத் தொடங்குகிறோம். டி.என். 57 என்று தொடங்கும் திண்டுக்கல் பதிவு எண்ணுடன், குறைந்த விலையில் ஒரு பெயர் கண்ணில் படும். அதுதான் டட்சன்.

விலை ஏன் இவ்வளவு குறைவு? இந்தப் பெயரில் இப்போது புதிய கார் எதுவும் தயாராவதில்லை என்பதே முதல் காரணம். அப்படியானால் வாங்கலாமா, கூடாதா? குடும்பத்தின் சேமிப்புப் பணம் இதில் இருக்கிறது. அந்தக் காரில் ஏறப் போகிறவர்களின் உயிரும் இருக்கிறது. எனவே இந்தக் காரின் வரலாற்றையும், வைத்திருப்பவர்கள் சொல்வதையும், முடிவெடுக்கக் கம்ப்யூட்டர் எப்படி உதவும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

முயல் பெயரில் பிறந்த கார்

ஜப்பானில் 1911ஆம் ஆண்டு மசுஜிரோ ஹஷிமோட்டோ என்ற பொறியாளர் டோக்கியோவில் ஒரு கார் நிறுவனத்தைத் தொடங்கினார். டென், அயோயாமா, டக்கேயுச்சி என்ற மூவர் அவருக்குப் பணம் கொடுத்து உதவினார்கள். 1914ல் கார் தயாரானபோது, இந்த மூவரின் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'டாட்' என்று பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் பாய்ந்தோடும் முயலைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ இதே ஒலி கொண்டதுதான்.

1931ல் இதைவிடச் சிறிய கார் ஒன்று வந்தது. டாட்டின் மகன் என்ற பொருளில், மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பின்னால் சேர்த்தார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் 'சொன்' என்றால் நஷ்டம். வியாபாரத்திற்கு வைக்கும் பெயரில் நஷ்டம் இருக்கலாமா? விரைவிலேயே அந்தப் பகுதியைச் சூரியனைக் குறிக்கும் சொல்லாக மாற்றிவிட்டார்கள். இப்படித்தான் 'டட்சன்' பிறந்தது. பின்னர் இது நிசான் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

1958ல் டட்சன் அமெரிக்கச் சந்தைக்குச் சென்றது. 1969ல் அறிமுகமான 240 இசட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உலகப் புகழ் பெற்றது. இவ்வளவு பெயர் வாங்கியும், 1981ல் நிசான் ஒரு முடிவெடுத்தது. உலகம் முழுவதும் நிசான் என்ற ஒரே பெயரில் விற்பது என்பதே அது. 1986க்குள் டட்சன் பெயர் சந்தையிலிருந்து மறைந்தது.

ஒரகடத்தில் மறுபிறவி

2012 மார்ச் மாதம் நிசான் தலைவர் கார்லோஸ் கோன், டட்சன் பெயரை மீண்டும் கொண்டு வருவதாக அறிவித்தார். முதன்முறையாகக் கார் வாங்கும் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கார் தர வேண்டும் என்பது திட்டம். இந்தியா, இந்தோனேசியா, ரஷ்யா, தென் ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தியாவுக்கான கார்கள் நம் தமிழ்நாட்டில்தான் தயாராயின. சென்னை அருகே ஒரகடத்தில் 2010ல் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் தொழிற்சாலைதான் அந்த இடம். 2014 மார்ச்சில் 'கோ' வந்தது. தொடக்க விலை 3.12 லட்சம் ரூபாய். 2015 ஜனவரியில், நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளத்தில் மூன்று வரிசை இருக்கைகளுடன் 'கோ பிளஸ்' வந்தது. 2016 ஜூனில் 2.39 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் 'ரெடி கோ' வந்தது. (இவை அனைத்தும் அப்போதைய டில்லி ஷோரூம் விலைகள்.)

கம்ப்யூட்டர் வாசகர்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. முதலில் வந்த கோ காரில் ரேடியோவும் கிடையாது, சிடி பிளேயரும் கிடையாது. அதற்குப் பதில் மொபைல் போனைச் செருகி வைக்க ஒரு தாங்கி இருந்தது. பாட்டு, வழிகாட்டும் வரைபடம் எல்லாம் உங்கள் போனிலிருந்துதான். செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு இது.

வாங்குபவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் 2020லேயே தயாரிப்பு நின்றது. 2022 ஏப்ரலில் ஒரகடத்தில் ரெடி கோ தயாரிப்பும் நிறுத்தப்பட்டதாக நிசான் அறிவித்தது. இரண்டாவது முறையாக டட்சன் விடைபெற்றது.

நட்சத்திரம் இல்லாத கார்

விலை குறைவு என்று பாய்ந்துவிடும் முன் ஒரு செய்தியை அவசியம் படிக்கவும். 2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, கோ காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். காரின் உடற்கூடே நிலைகுலைந்துவிட்டதால், ஏர்பேக் பொருத்தினாலும் பெரிய பயன் இருக்காது என்று அந்த அமைப்பு கூறியது. காரைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி நிசான் தலைவருக்குக் கடிதமும் எழுதியது. இந்தியச் சட்டம் கேட்கும் அளவுகளுக்கு உட்பட்டே கார் தயாராகிறது என்பது நிசானின் பதில். அதுவும் உண்மைதான். அப்போதைய இந்தியச் சட்டத்தில் இப்படியொரு மோதல் சோதனை கட்டாயமில்லை.

பின்னர் நிலைமை ஓரளவு மாறியது. 2018 அக்டோபரில் வந்த புதிய கோ, கோ பிளஸ் கார்களில் முன்புறம் இரண்டு ஏர்பேக்குகளும் ஏபிஎஸ் பிரேக்கும் எல்லா வகைகளிலும் இடம் பெற்றன. ஓட்டுநர் ஏர்பேக் மட்டும் இருந்த ரெடி கோ, 2019ல் நடந்த சோதனையில் ஒரு நட்சத்திரம் பெற்றது.

ஆக, ஒரே பெயரில் இருந்தாலும் 2015 கோ வேறு, 2019 கோ வேறு. கம்ப்யூட்டரில் சாப்ட்வேரின் வெர்ஷன் பார்ப்பதுபோல, காரில் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்க்க வேண்டும். திண்டுக்கல் வழியாகச் செல்லும் நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையில் ஓட்டப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

டட்சன் உரிமையாளர்களின் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால், பெரும்பாலும் சில விஷயங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

பாராட்டுகள்: கோ காரில் இடவசதி தாராளம். 1.2 லிட்டர் என்ஜின், எடை குறைந்த உடலை எளிதாக இழுக்கிறது. ஏ.சி. நன்றாகக் குளிர்விக்கிறது. (சித்திரை வெயிலில் வேடசந்தூர் பக்கம் போய் வருபவருக்கு இதன் அருமை தெரியும்!) ரெடி கோவில் தரையிலிருந்து உயரம் 185 மில்லிமீட்டர். எனவே கிராமத்து வேகத்தடைகளில் அடி தட்டுவது குறைவு. நெரிசலான தெருவில் திருப்புவதும் எளிது.

குறைகள்: கதவுகள் மெலிதாகத் தெரிகின்றன. சாலைச் சத்தம் உள்ளே கேட்கிறது. உள்புற பிளாஸ்டிக் சாதாரணம். கோ பிளஸ்ஸின் கடைசி வரிசை சிறுவர்களுக்கு மட்டுமே சரிப்படும். சர்வீஸ் சென்டர்கள் எண்ணிக்கை குறைவு. விற்கப் போனால் நல்ல விலை கிடைப்பதில்லை.

இந்தக் கருத்துகளைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எப்போது எழுதியது? வாங்கிய முதல் வாரத்தில் எல்லோருக்கும் கார் பிடிக்கும். 40,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சொல்வதே பயன்படும்.

2. எந்த ஆண்டின் கார், எந்த என்ஜின்? ரெடி கோவில் 0.8 லிட்டர், 1.0 லிட்டர் என இரண்டு உண்டு.

3. எந்தச் சாலை? ஒட்டன்சத்திரம் சமவெளியில் ஓட்டுபவரின் மைலேஜ், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறுபவருக்குக் கிடைக்காது.

4. விற்பவர் எழுதியதா, பயன்படுத்துபவர் எழுதியதா? குறை ஒன்றுகூடச் சொல்லாத கருத்தைச் சந்தேகத்துடன் படியுங்கள்.

பாகங்கள் கிடைக்குமா?

பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் திண்டுக்கல். பூட்டு செய்தவர் கடையை மூடிவிட்டாலும், அதே அச்சில் சாவி வெட்டத் தெரிந்த இன்னொருவர் இருந்தால் கவலையில்லை. காருக்கும் இதே கணக்குதான்.

தயாரிப்பை நிறுத்தியபோதே, சர்வீஸ், உதிரி பாகங்கள், வாரன்டி ஆகியவை தன் டீலர்கள் மூலம் தொடரும் என்று நிசான் கூறியது. இன்னொரு ஆறுதலும் உண்டு. கோ, நிசான் மைக்ராவின் அடித்தளத்தில் உருவானது. ரெடி கோ, ரெனோ க்விட் காரின் அடித்தளத்தில் உருவானது. எனவே என்ஜின் தொடர்பான பாகங்கள் பலவற்றிற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் பம்பர், முகப்பு விளக்கு, கதவு, கண்ணாடி போன்றவை டட்சனுக்கே உரியவை. இவற்றிற்குத்தான் காத்திருக்க நேரிடலாம். பார்க்கும் காரில் இவை உடைந்திருந்தால், பாகத்தின் விலையையும் கிடைக்கும் நாளையும் முதலில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு பேரம் பேசுங்கள்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

* மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திற்குச் செல்லவும். முகவரி 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா எனப் பார்க்கவும். மொபைல் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, வாகன எண்ணை டைப் செய்தால் பதிவான நாள், எரிபொருள், இன்சூரன்ஸ் முடியும் நாள் போன்ற விவரங்கள் கிடைக்கும்.

* இ-சலான் பகுதியில் அபராதம் நிலுவை உள்ளதா எனப் பார்க்கவும்.

* இந்தப் பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் பைல்களைத் திறக்கவே வேண்டாம். அபராதம் என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் போலி அப்ளிகேஷன்கள் உலவுகின்றன.

* ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் படிவம் 35ம் கேட்டு வாங்கவும். பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 தேவை.

* சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். 2014ல் பதிவான காருக்கு 2029ல் புதுப்பிக்க வேண்டிவரும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கவும்.

இப்போது எக்செல் திறந்து, ஒரு புதிய ஷீட்டில் காரின் விலை, பெயர் மாற்றச் செலவு, இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, உடனடி ரிப்பேர் என வரிசையாக டைப் செய்யவும். கடைசியில் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்திடவும். வருகிற தொகைதான் காரின் உண்மையான விலை. இதே பட்டியலை, இன்னும் தயாரிப்பில் உள்ள வேறொரு காருக்கும் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் சில ஆயிரங்கள்தான் என்றால், தயாரிப்பில் உள்ள காரே மேல்.

வாங்கிய பிறகும் ஷீட்டை மூடிவிட வேண்டாம். டேங்க் நிரம்பப் பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டர் அளவையும் லிட்டரையும் பதியவும். முன்பு 42,150, இப்போது 42,600, போட்டது 25 லிட்டர் என்றால், 450ஐ 25ஆல் வகுக்க, லிட்டருக்கு 18 கிலோமீட்டர். இந்த எண் மாதா மாதம் இறங்கினால் மெக்கானிக்கைப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

எங்கள் பரிந்துரை

டவுனுக்குள் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும், குறைந்த வேகத்தில் ஓட்டுவதற்கு, ஏர்பேக் உள்ள பிந்தைய டட்சன், நல்ல நிலையில், தெளிவான ஆவணங்களுடன் கிடைத்தால் யோசிக்கலாம். அடிக்கடி மதுரைக்கோ திருச்சிக்கோ நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு செல்பவர்கள், ஏர்பேக் இல்லாத பழைய கோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. அதற்காகக் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அன்றே நின்றுவிடவில்லை. ஆனால் அவற்றை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டியதாயிற்று. கம்பெனி கைவிட்ட காரும் அப்படித்தான். முன்பணம் கொடுப்பதற்கு முன், நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று காரைக் காட்டிவிடுங்கள்.