அண்ணாச்சியின் மோட்சக் கேள்விகள்

"போயாச்சுன்னா போயாச்சு. அப்புறம் எதுக்கு எந்திரிக்கணும்?"

கல்கத்தாவில் பெஹாலா சௌரஸ்தா டீக்கடையில் அண்ணாச்சி இப்படித்தான் ஆரம்பித்தார். திருநெல்வேலிக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டார். முந்தின நாள் ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் அடக்கத்துக்குப் போயிருக்கிறார். போதகர் முதலில் "பரலோகம் போய்ச் சேர்ந்துவிட்டார்" என்றாராம். கொஞ்ச நேரத்தில் "கடைசி நாளில் உயிரோடு எழுந்திருப்பார்" என்றாராம். இரண்டில் எது நிஜம் என்பது அண்ணாச்சியின் வழக்கு. நான் பிறவிக் கிறிஸ்தவன் என்பதால் பதில் என் தலையில்.

ரெண்டும் நிஜம்தான் அண்ணாச்சி. இறந்தவுடன் ஆன்மா கடவுளிடம் போகிறது. சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு இயேசு, இன்றே பரதீசில் இருப்பாய் என்றுதான் வாக்குக் கொடுத்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. கடைசி நாளில் செத்தவர்கள் உடலோடு எழுந்திருப்பார்கள் என்பது அடுத்த கட்டம். கோயிலில் நாங்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கவனித்துக் கேளுங்கள். சரீரம் உயிர்த்தெழும் என்று இருக்கிறது, நித்திய ஜீவன் என்று இருக்கிறது. ஆன்மா மேலே பறந்து போகும் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

மதர் தெரசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பர் 4 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். கத்தோலிக்கக் கணக்கில் அதற்கு அர்த்தம், அவர் இப்போது விண்ணகத்தில் இருக்கிறார் என்பதுதான். ஆனால் அவர் உடல் ஏ.ஜே.சி. போஸ் ரோட்டில், மதர் ஹவுஸின் தரைத்தளத்தில், 1997 முதல் அந்த வெள்ளைக் கல்லறைக்குள்தான் கிடக்கிறது. புனிதராகியும் அவருக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த உடல் எழ வேண்டும்.

"எலும்பும் தூசியுமா ஆனது எப்படி எந்திரிக்கும்?" என்று அண்ணாச்சி விடவில்லை.

கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் பவுல் எடுத்துக்கொண்ட அதே கேள்வி. அவர் விதையைக் காட்டினார். விதைக்கிற நெல்லும் முளைத்து வருகிற பயிரும் பார்க்க ஒன்றாகவா இருக்கின்றன? ஆனாலும் அந்த நெல்லிலிருந்துதான் அந்தப் பயிர். பழைய உடலைத் தூசி தட்டி எழுப்புவது இல்லை, அது மாற்றப்படும். இதற்கு முன்மாதிரி இயேசுவின் உயிர்ப்பு. எழுந்து வந்தவர் ஆவி இல்லை என்று காட்ட, சுட்ட மீன் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டதாக லூக்கா எழுதுகிறார். (வங்காளிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே கிறிஸ்தவத்தைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.) கையில் ஆணிக்காயம் அப்படியே இருந்தது. நம்பாத தோமாவிடம் அதைத்தான் காட்டினார். நம்மூர்ப் பரங்கிமலையில் குத்துப்பட்டுச் செத்ததாகச் சொல்கிறார்களே, அதே தோமா.

உடலோடு எழுந்தால் நிற்க ஒரு இடம் வேண்டுமே. பைபிளின் கடைசி அதிகாரங்களில் மனிதர்கள் மேலே போவதில்லை. புதிய எருசலேம் என்கிற நகரம் வானத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது. கடவுள் மனிதர்களோடு வந்து குடியிருக்கிறார். பூமியைக் கைவிடுவதல்ல, புதுப்பிப்பதுதான் திட்டம். தமிழ்க் கிறிஸ்தவர்களான நாங்களே இதை மறந்துவிட்டோம். எங்கள் அடக்க ஆராதனைப் பாட்டெல்லாம் அக்கரைக்குப் போகும் பாட்டு. ஆங்கில எழுத்தாளர் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதையை 1894 இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாக்கினார் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, உங்கள் ஜில்லாக்காரர்தான். அதிலும் இந்த ஊரை விட்டுக் கிளம்பி அந்த ஊருக்குப் போவதே கதை. அருமையான காவியம். ஆனால் போவதைப் பாடிப் பாடி, இறங்கி வருவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டோம் என்பது என் குறை.

இங்கே பரிஷாவில், டயமண்ட் ஹார்பர் ரோட்டில், ஆக்ஸ்ஃபோர்ட் மிஷன் இருக்கிறதல்லவா? 1880 இல் கல்கத்தாவுக்கு வந்த ஆங்கிலிக்கத் துறவிகளின் அமைப்பு. அங்கே தியோடர் மாத்திசன் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லிக்கொடுத்து ஒரு வாத்தியக் குழுவையே வளர்த்தார். உலகம் எரிந்து சாம்பலாகப் போகிற குப்பை என்று நினைக்கிறவன் ஒரு பையனின் விரலைப் பிடித்துத் தந்தியில் வைத்து, சுருதி சேரும்வரை மெனக்கெட மாட்டான். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உடலுக்கும் மண்ணுக்கும் எதிர்காலம் உண்டு என்ற கொள்கைக்கு அந்த வேலை பொருந்துகிறது, அவ்வளவுதான்.

அண்ணாச்சி இரண்டாவது டீ சொன்னார். "சரி, ரெண்டு கல்யாணம் பண்ணினவன் அங்க யாரோட இருப்பான்?"

இதையும் கேட்டுவிட்டார்கள். உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் என்ற கூட்டம், ஏழு அண்ணன் தம்பிகளை ஒருவர்பின் ஒருவராகக் கட்டிய பெண் அங்கே யாருக்கு மனைவி என்று இயேசுவை மடக்கப் பார்த்தது. அங்கே கொள்வினை கொடுப்பினை இல்லை, தேவதூதர்களைப் போல இருப்பார்கள் என்று முடித்துவிட்டார். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியுமா என்றால், தெரியும் என்றே சபை நம்பி வந்திருக்கிறது. மற்ற விவரமெல்லாம் நம் கற்பனை. தங்க வீதியில் யார் வீட்டுக்கு எதிர்வீடு யார் என்று பிரசங்கிக்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இறந்தவர்கள் விண்ணகம் புகுமுன் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் தனிக் கதை. கத்தோலிக்கருக்கு உண்டு, அதனால்தான் நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். எங்கள் புராட்டஸ்டன்ட் பக்கம் அது கிடையாது. இறந்தவர் உடலை எரிப்பதையும் 1963 இல் ரோம் அனுமதித்துவிட்டது. ஆனால் அஸ்தியைக் கங்கையில் கரைக்கக் கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016 இல் மறுபடி சொன்னார்கள். எழப் போகிற உடலின் மிச்சம் அல்லவா?

கடைசியில் எதிர்பார்த்தது வந்தது. "எங்களுக்கு அங்க இடம் உண்டா?"

இதில் நாங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை அண்ணாச்சி. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர், உண்மை மனதோடு கடவுளைத் தேடி மனசாட்சிப்படி நடந்தால் மீட்பு அடையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் எழுதிவைத்தது. அதை ஒப்புக்கொள்ளாத சபைகள் நிறைய. தீர்ப்பு எங்கள் கையில் இல்லை என்பதைத்தான் நான் ஆறுதலாக வைத்திருக்கிறேன்.

"இவ்வளவு சொல்லுதீயளே, உங்களுக்கு நிச்சயமா?"

திரும்பவும் மதரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. காளிகாட்டில் கோயிலை ஒட்டி, யாத்ரீகர்கள் தங்கும் சத்திரமாக இருந்த இடத்தில், 1952 இல் நிர்மல் ஹ்ருதயைத் தொடங்கினார். தெருவில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிவந்து, புண்ணைக் கழுவி, சாகும்போது அவரவர் மதச் சடங்கைச் செய்யவிட்டார்கள். இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன். அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007 இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஜெபித்தால் பதில் இல்லை, விண்ணகம் என்றாலே வெறுமையாக இருக்கிறது என்று தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். கொஞ்ச நாள் இல்லை, பல பத்தாண்டுகள்.

"அப்புறம் எந்தத் தைரியத்துல செஞ்சாங்க?"

வாக்குக் கொடுத்தவர் மாறமாட்டார் என்று வைத்துக்கொண்டு செய்தார். மனதில் ஒன்றும் தோன்றாத நாட்களிலும் விடியற்காலை எழுந்து ஜெபத்தில் உட்கார்ந்தார். அதன்பின் வேலைக்குப் போனார்.