அயல்நாட்டில் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

புடவை எடுக்கப் போனால் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்தானையை விரித்துப் பார்ப்போம். ஜரிகையைத் திருப்பிப் பார்ப்போம். சாயம் போகுமா என்று கேட்போம். நாலு கடை ஏறி இறங்கின பிறகுதான் பணத்தை எடுப்போம். குக்கர் வாங்கினாலும், "காஸ்கெட் தனியா கிடைக்குமா?" என்று விசாரிக்காமல் விட மாட்டோம். ஆனால் லேப்டாப் என்று வந்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார்" என்று ஒதுங்கி விடுகிறோம். ஏன் சகோதரிகளே, அதுவும் ஒரு வீட்டுச் சாமான்தானே?

நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த ஓர் ஊரில் ஆறு வருஷமாகக் குடியிருக்கிறேன். என் கணவருக்கு இங்கே வேலை. இன்னும் இரண்டு வருஷத்தில் ஊர் திரும்புவதாக உத்தேசம். நான் பிளஸ் டூ வரை படித்தவள். கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. அப்படிப்பட்ட நான், எனக்கென்று ஒரு லேப்டாப்பை நானே விசாரித்து, நானே வாங்கினேன். வெளிநாட்டில் வசிக்கும் சகோதரிகளுக்கும், அங்கே போகவிருக்கும் மகள், மருமகள்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு எதற்கு லேப்டாப்?

இவருடைய லேப்டாப் ஆபீஸுக்குச் சொந்தமானது. அதை வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது. என்னிடம் இருந்தது செல்போன் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துப் படிவம், பாங்க் விவகாரம், ஜெர்மன் வகுப்பில் சேர விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் பதின்மூன்று வயதுப் பையனைத்தான் கூப்பிடுவேன். கையெழுத்து என்னுடையது, படிவம் நிரப்புவது அவன்!

ஒரு சமயம் டாக்டரிடம் நேரம் குறிக்க வேண்டி வந்தது. என்ன உபாதை என்று கட்டத்தில் எழுத வேண்டும். "என்ன போடட்டும்மா?" என்று கேட்டுவிட்டுப் பையன் காத்திருந்தான். பெண்களுக்கே உரிய உபாதையைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "நான் அப்புறம் பார்த்துக்கறேன்டா" என்று அனுப்பி விட்டேன். அன்று ராத்திரியே இவரிடம் சொன்னேன்: "எனக்குன்னு ஒரு லேப்டாப் வேணுங்க. 500 யூரோ சேர்த்து வச்சிருக்கேன்."

"வாங்கிக்கோயேன். எந்த மாடல்னு நான் பார்த்துச் சொல்லட்டுமா?" என்றார்.

"முதல்ல நான் பார்க்கறேன். அப்புறமா நீங்க சொல்லுங்க" என்றேன்.

முதலில் ஒரு காகிதம்

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தை எடுத்து நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யாருக்கு? என்ன வேலைக்கு? எந்த மொழியில்? ரிப்பேர் ஆனால் எந்த ஊரில் சரி செய்வது? விலையும் மாடலும் இதற்குப் பிறகுதான்.

நான் எழுதியது: எனக்கு. ஜெர்மன் வகுப்பு, படிவங்கள், ஊரில் உள்ள அம்மாவோடு முகம் பார்த்துப் பேச, கட்டுரை எழுத. தமிழ், ஆங்கிலம், ஜெர்மன். இரண்டு வருஷம் இங்கே, பிறகு தமிழ்நாட்டில். இதில் விளையாட்டு, சினிமா எடிட்டிங் எதுவும் இல்லை. அதனால் அவற்றுக்கென்று விலை கூட்டி விற்கும் கனமான லேப்டாப்புகளை ஒரே கோடாக அடித்துவிட்டேன்.

ராம் என்பதை அடுக்களை மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை அகலமாக இருந்தால் ஒரு பக்கம் காய் நறுக்கலாம், ஒரு பக்கம் மாவு பிசையலாம். குறுகலாக இருந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைச் செய்ய முடியும். 8 ஜிபி இருந்தால் ஒப்பேற்றலாம். நாலைந்து வருஷம் உழைக்க வேண்டுமானால் 16 ஜிபி நல்லது. சில மெல்லிய மாடல்களில் ராமை உள்ளேயே பற்றவைத்து விடுகிறார்கள்; பின்னால் கூட்டவே முடியாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி என்பது மளிகை அலமாரி. போட்டோ, பாட்டு, கோப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். 256 ஜிபி போதும். குழந்தைகளின் வீடியோக்கள் நிறைய சேரும் வீடென்றால் 512 ஜிபி.

திரையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு இது முக்கியம். ஃபுல் எச்டி, அதாவது 1920-க்கு 1080 புள்ளிகள், ஐபிஎஸ் வகை, பளபளப்பில்லாத மேட் திரை என்று பாருங்கள். கடையில் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். நிறம் வெளிறிப் போனால் அந்தத் திரை வேண்டாம்.

ழகரம் எங்கே போயிற்று?

ஜெர்மனியில் விற்கும் லேப்டாப்பின் கீபோர்டு நம் ஊரைப் போல் இருக்காது. ஒய், இசட் இரண்டும் இடம் மாறியிருக்கும். புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்துகளுக்குத் தனிக் கட்டைகள் இருக்கும். பிரான்சில் வேறு வரிசை. துபாயில் அரபு எழுத்தும் சேர்ந்திருக்கும்.

ஒலிப்படி தமிழ் தட்டுகிறவர்களுக்கு இசட் தட்டினால்தான் 'ழ' வரும். ஆனால் அந்த முறை அமெரிக்கக் கீபோர்டு வரிசையையே பின்பற்றுகிறது. அதனால் ஜெர்மன் லேப்டாப்பில் இசட் என்று அச்சிட்ட கட்டையைத் தட்டினால் 'ய' வந்து நிற்கும். 'தமிழ்' என்று எழுதப் போனால் 'தமிய்' ஆகிவிடும்! பயப்பட வேண்டாம். மாறியிருப்பது கட்டையின் மேலிருக்கும் அச்சு மட்டும்தான். எந்தக் கட்டைக்கு எந்த எழுத்து என்பதை செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். எழுத்து அச்சிட்ட ஒட்டுத்தாள்களும் கிடைக்கின்றன. 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 முறையில் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம். விரல் இடத்தைத்தானே தேடும், எழுத்தையா தேடும்? திரையில் வரும் மொழியையும் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

விலைச் சீட்டைப் படிப்பது

இங்கே கடையில் போட்டிருக்கும் விலையிலேயே 19 சதவீத வரி அடக்கம். பில் போடும்போது ஏறாது. "தள்ளுபடி" என்று சிவப்பு எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 2022 மே 28 முதல் ஜெர்மனியில் ஒரு சட்டம் உண்டு. விலையைக் குறைத்ததாக விளம்பரம் செய்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள். குறைந்தது 150 யூரோவா, 15 யூரோவா என்று தெரிந்துவிடும்.

ரொம்ப மலிவாகத் தெரிந்தால், "ஓனே பெட்ரீப்ஸ்சிஸ்டம்" என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் போடாமல் விற்கிறார்கள் என்று பொருள். மாவரைக்கும் கல் இல்லாத கிரைண்டர் மாதிரி!

எந்தக் கம்பெனி சரக்கு தேவலை என்று அறிய ஒரு நல்ல வழியும் உண்டு. 1964-ல் தொடங்கிய ஷ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற அமைப்பு சாமான்களைத் தானே சோதித்து, 'டெஸ்ட்' என்ற பத்திரிகையில் மதிப்பெண் போடுகிறது. அதில் விளம்பரமே கிடையாது. ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் நம் பக்கம்

இதை அவசியம் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் "வேண்டாம்" என்று சொல்லலாம். அது சட்டம் தரும் உரிமை. கடைக்கு நேரில் போய் வாங்கினால் அந்த உரிமை தானாக வராது. கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன், "பிடிக்கலைன்னா எத்தனை நாள்ல திருப்பலாம்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

புதுச் சாமானுக்கு இரண்டு வருஷம் விற்றவரே பொறுப்பு. இதை இங்கே கெவேர்லைஸ்டுங் என்பார்கள். முதல் ஒரு வருஷத்தில் பழுது தெரிந்தால், அது முதலிலிருந்தே இருந்த குறை என்றே கருதுவார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. கம்பெனி கொடுக்கும் காரண்டி இதிலிருந்து வேறு. அது கம்பெனியின் இஷ்டப்படி. இரண்டுக்கும் ரசீது தேவை. சில ரசீதுகள் வெயில் பட்டால் வெளிறிப் போகும் காகிதம். வாங்கின அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

ஊருக்கு எடுத்துப் போகும்போது

விற்றவரின் பொறுப்பு ஜெர்மனியில்தான். ஊர் திரும்பின பிறகு சாமானை இங்கே அனுப்பிச் சரி செய்வது நடக்கிற காரியமா? அதனால் கம்பெனி காரண்டி இந்தியாவிலும் செல்லுமா என்று அந்தந்த மாடலுக்குப் பாருங்கள். சிலவற்றுக்கு உலகம் முழுவதும் செல்லும். சிலவற்றுக்கு வாங்கின பிரதேசத்தில் மட்டும்.

சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அப்படியிருந்தால் நம் ஊர் மின்சாரத்துக்கும் ஒத்துவரும். ஜெர்மன் பிளக் நம் சுவரில் சரியாகப் பொருந்தாது. ஆனால் பல சார்ஜர்களில் சுவரிலிருந்து வரும் ஒயர் மட்டும் தனியே கழன்று வரும். ஊரில் அதை மட்டும் வாங்கி மாட்டிக்கொண்டால் போதும். 2026 ஏப்ரல் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் லேப்டாப்புகளுக்கு யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏற வேண்டும் என்பது விதி. அந்த வசதி இருந்தால் எந்த ஊரிலும் சார்ஜர் தேடி அலைய வேண்டாம்.

இந்தியச் சுங்கத்தில் 18 வயது நிரம்பிய பயணி ஒருவருக்கு ஒரு லேப்டாப்புக்கு வரி இல்லை. அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே லித்தியம் பாட்டரி இருக்கிறது.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பார்த்து! ஆபீஸ்களில் மூன்று நாலு வருஷம் ஓடின லேப்டாப்புகளைத் துடைத்து, சோதித்து, "ரீஃபர்பிஷ்டு" என்று வியாபாரிகள் விற்கிறார்கள். இதில் விற்றவரின் பொறுப்பை ஒரு வருஷமாகக் குறைத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி உண்டு. தனி நபரிடம் வாங்கினால் பொறுப்பே இல்லை என்று எழுதி வாங்கிவிடுவார்கள்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்புகள் மலிவாக வரும், ஆசைப்படாதீர்கள். இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தினவை அதற்குத் தகுதி பெறுவதில்லை.

நான் கடைசியில் மூன்றை வைத்துக்கொண்டு பார்த்தேன். முதலாவது புதுசு, ஆனால் 8 ஜிபி, மங்கல் திரை. இரண்டாவது மெல்லிசு, அழகு. விலை ஆயிரத்துக்கு மேல். மூன்றாவது ஆபீஸில் ஓடின 14 அங்குலம், 16 ஜிபி, 430 யூரோ. பாட்டரியும் ராமும் ஸ்க்ரூ கழற்றி மாற்றக்கூடியவை. அந்த மாடல் இந்தியாவிலும் விற்றதுதான். சென்னையில் இருக்கும் என் தம்பி ரிச்சி தெருவில் விசாரித்துவிட்டு, "பாட்டரி, கீபோர்டு ரெண்டும் கிடைக்குதுக்கா" என்று சொன்னான். மூன்றாவதையே இணையத்தில் வாங்கினேன். இவரும் காகிதத்தைப் படித்துவிட்டு, "நானா இருந்தா ரெண்டாவதை வாங்கியிருப்பேன். இதுதான் சரி" என்றார்.

அந்தப் பதினாலு நாள்

வந்த சாமானை அட்டைப் பெட்டியோடு பத்திரமாக வைத்து, தினம் ஒரு சோதனை செய்தேன். எல்லாக் கட்டைகளையும் தட்டினேன். அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசி காமிரா, மைக், ஸ்பீக்கர் மூன்றையும் பார்த்தேன். எல்லாத் துவாரங்களிலும் பென் டிரைவ் செருகினேன். மடியில் வைத்து சூடு ஏறுகிறதா என்று கவனித்தேன். 'பாட்டரி ரிப்போர்ட்' எடுத்தால், புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் வரும். என்னுடையதில் 57-க்கு 49 வந்தது. பழையதற்கு இது தேவலை. பாதிக்குப் பாதி என்று வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஒரு வேலை. குழந்தைகள் உபயோகிக்கத் தனிக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள். உங்கள் கணக்குக்கு பாஸ்வேர்டு நீங்களே வையுங்கள். பிள்ளை பிறந்த தேதி வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அது! டாக்டருக்கு எழுதுவது, பாங்க் கணக்கு, அம்மாவுக்கு எழுதும் கடிதம் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கட்டும்.