ஐபோன் எஸ்இ: பழைய அச்சில் வார்த்த சின்ன போன்

"சின்ன சைஸ்ல, நியாயமான விலைல ஒரு நல்ல போன் ஏன் இப்போ வர்றதில்லை?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "யாரும் வாங்கல, அதான் நிறுத்திட்டாங்க." இந்தப் பதில் பாதிதான் சரி என்பது என் எண்ணம். மீதிப் பாதி 2016-ல் வந்த ஐபோன் எஸ்இ-யின் கதையில் இருக்கிறது. கொஞ்ச நாளாக அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன்னால் நிலைமை எப்படி?

2014 செப்டம்பரில் ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டும் வந்தன. திரை 4.7, 5.5 அங்குலம். முதல் வார இறுதியிலேயே ஒரு கோடி விற்றன. பெரிய திரைதான் எதிர்காலம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஆண்ட்ராய்டு பக்கம் சின்ன போன்கள் இல்லாமல் இல்லை. ஆனால் 2013-ல் வந்த கேலக்ஸி எஸ்4 மினி, எச்டிசி ஒன் மினி இரண்டையும் எடுத்துப் பாருங்க. பெயர் பெரிய போனுடையது, உள்ளே இருப்பது அதைவிட ஒரு படி குறைந்த சிப். சின்னது வேணும்னா வேகத்தை விட்டுக்கொடு என்பதுதான் அன்றைய எழுதப்படாத விதி. சோனியின் இசட்1 காம்பாக்ட் இந்த விதியை உடைத்தது. ஆனால் அது மலிவான போன் இல்லை.

ஆப்பிளும் 2013-ல் 5சி என்று வண்ண வண்ணமாக ஒரு பிளாஸ்டிக் போன் விட்டுப் பார்த்தது. உள்ளே முந்தைய வருஷத்து ஏ6 சிப், ஒப்பந்தம் இல்லாத விலை 549 டாலர். அதே மேடையில் 64-பிட் ஏ7 சிப்போடு 5எஸ்-உம் வந்தது. புதுச் சட்டை, பழைய உள்ளடக்கம். 5எஸ் அளவுக்கு அது பேசப்படவில்லை.

எஸ்இ இதை அப்படியே தலைகீழாக்கியது. பழைய சட்டை, புது உள்ளடக்கம்.

உள்ளே என்ன செய்தார்கள்?

2016 மார்ச் 21-ல் அறிமுகம். 2015-ல் மட்டும் 3 கோடி 4 அங்குல ஐபோன்களை விற்றோம் என்று ஆப்பிளின் கிரெக் ஜாஸ்வியாக் மேடையில் சொன்னார். சிலருக்குச் சின்ன போன்தான் பிடிக்கிறது, சிலருக்கு அது முதல் ஐபோன் என்று இரண்டு காரணங்களையும் சொன்னார். இந்த இரண்டு கூட்டத்தையும் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வெளி உடம்பு 2012-ல் ஐபோன் 5-க்காக உருவாகி, 5எஸ்-இல் தொடர்ந்ததுதான். விளிம்பின் பளபளப்பை மங்கலாக்கி, ரோஸ் கோல்டு நிறத்தைச் சேர்த்தார்கள். உள்ளே ஆறே மாதம் முன்னால் 6எஸ்-இல் வந்த அதே ஏ9 சிப், அதே 2ஜிபி ராம், 4கே வீடியோ எடுக்கும் 12 மெகாபிக்சல் கேமரா. 16ஜிபி மாடலின் விலை 399 டாலர்.

இந்த விலை எப்படிச் சாத்தியமானது? ஒரு போனின் புது உடம்புக்கு அச்சு, உலோகம் கடையும் இயந்திரங்களுக்கான நிரல், சோதனைக் கருவிகள், பழுது குறையும்வரை பொறுமை என்று நிறையச் செலவு பிடிக்கும். ஐபோன் 5-இன் உடம்புக்கு அந்தச் செலவெல்லாம் நாலு வருஷத்தில் தீர்ந்துபோனது. எஸ்இ-யைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதன் திரையைக் கழற்றி 5எஸ்-இல் மாட்டினால் அப்படியே வேலை செய்கிறது என்று கண்டார்கள். சிப்பும் 6எஸ்-க்காக ஏற்கெனவே கோடிக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பழைய ஸ்கிரீனை அப்படியே விட்டுவிட்டு பேக்எண்டை மட்டும் மாற்றியது போல.

ஆப் எழுதுகிறவர்களுக்கும் முதல் நாள் வேலை எதுவும் இல்லை. 320 புள்ளி அகலத் திரைக்கு எல்லா ஆப்பும் ஏற்கெனவே தயார். ஆனால் எஸ்இ இருந்தவரை அந்த அகலத்தை நாங்கள் கைவிடவும் முடியவில்லை. ஆங்கிலத்தில் 'சப்மிட்' அடங்கும் பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. தமிழ் இடைமுகத்தைச் சோதிக்க அந்தக் குட்டித் திரையைவிடக் கறாரான பரீட்சகர் கிடையாது.

பேட்டரிக் கணக்கு

எஸ்இ-யில் இருந்தது 1624 எம்ஏஎச் பேட்டரி. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். 6எஸ்-இல் 1715. அதாவது சின்ன போனில் பேட்டரி சுமார் 5 சதவீதம்தான் குறைவு. இப்போது திரையைப் பாருங்க. எஸ்இ-யில் 1136 x 640 பிக்சல், 6எஸ்-இல் 1334 x 750. பெருக்கிப் பார்த்தால் எஸ்இ-யில் 27 சதவீதம் குறைவு. வெளிச்சம் தர வேண்டிய பரப்பும் கிட்டத்தட்ட அதே அளவு குறைவு. ஒரே சிப், கொஞ்சம்தான் குறைந்த பேட்டரி, நன்றாகவே குறைந்த சுமை. அதனால்தான் இந்தக் குட்டி போன் 6எஸ்-ஐவிட நேரம் நின்றது என்று விமர்சகர்கள் பலரும் எழுதினார்கள்.

வரவேற்பு

குறைகளும் வந்தன. முன் கேமரா வெறும் 1.2 மெகாபிக்சல். கைரேகை உணரி பழைய தலைமுறை. 16ஜிபி போதாது. 2017 மார்ச்சில் விலையைத் தொடாமல் சேமிப்பை இரட்டிப்பாக்கி கடைசிக் குறையைச் சரிசெய்தார்கள்.

ஆனால் போன் விற்றது. 2016 ஏப்ரல் இறுதியில், 2003-க்குப் பிறகு முதல்முறையாக வருவாய் குறைந்ததாக ஆப்பிள் அறிவித்த அதே கூட்டத்தில், எஸ்இ-க்கான தேவை கையிருப்பைத் தாண்டிவிட்டதாக டிம் குக் சொன்னார். அடுத்த காலாண்டில் ஒரு ஐபோனின் சராசரி விற்பனை விலை 642 டாலரிலிருந்து 595-க்கு இறங்கியது. எஸ்இ-யும் அதற்கு ஒரு காரணம். மலிவான போன் நன்றாக விற்பது கம்பெனிக்கு முழுச் சந்தோஷம் இல்லை என்பதை இந்த எண் காட்டுகிறது.

இந்தியாவில் கதை வேறு. 399 டாலர் என்பது அன்றைய மதிப்பில் சுமார் 26,500 ரூபாய். இங்கே அறிவித்த விலை 39,000. வரி, கமிஷன் எல்லாம் சேர்ந்து 'மலிவு' என்ற சொல்லே காணாமல் போனது. பிறகு 2017-ல் பெங்களூரில் விஸ்ட்ரான் ஆலையில் எஸ்இ-யை ஒருங்கிணைக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் தயாரான முதல் ஐபோன் அதுதான். ஐந்து வருஷம் பழகிய உடம்பு என்பதால், புது ஆலை கற்றுக்கொள்ள அது ஏற்ற போன் என்றே நினைக்கிறேன்.

அளவும் விலையும் பிரிந்தபோது

2018 செப்டம்பரில் முதல் எஸ்இ நின்றது. 2020 ஏப்ரலில் இரண்டாவது எஸ்இ வந்தது. விலை அதே 399 டாலர், சிப் ஏ13. ஆனால் உடம்பு ஐபோன் 8 உடையது, அகலம் 67.3 மில்லிமீட்டர். பழைய எஸ்இ 58.6 தான். மலிவு இருந்தது, சின்னது போய்விட்டது.

அதே வருஷம் நவம்பரில் 12 மினி கடைக்கு வந்தது. அகலம் 64.2, திரை 5.4 அங்குலம், ஆரம்ப விலை 699 டாலர், இந்தியாவில் 69,900 ரூபாய். சின்னது இருந்தது, மலிவு போய்விட்டது. மலிவான போன் விலையுயர்ந்த போனைவிட அகலமாக இருந்த விநோதம் இது.

பேட்டரிக் கணக்கும் திரும்பிக்கொண்டது. ஐபோன் 12-ஐவிட மினியில் பிக்சல் 15 சதவீதம் குறைவு, பேட்டரியோ 2815-லிருந்து 2227 எம்ஏஎச், அதாவது 21 சதவீதம் குறைவு. கூடவே 5ஜி வேறு. 2016-ல் சின்ன உடம்பு தந்த லாபம் 2020-ல் நஷ்டமாகிவிட்டது.

2021-ல் 13 மினியோடு அந்த வரிசை முடிந்தது. அடுத்த வருஷம் அதன் இடத்துக்கு வந்தது 6.7 அங்குல 14 பிளஸ். "பார்த்தீங்களா, சின்ன போனுக்கு ஆளே இல்ல" என்ற முடிவு அங்கேதான் உறைந்தது. ஆனால் ஜாஸ்வியாக் சொன்ன இரண்டு கூட்டத்தை நினைத்துப் பாருங்க. சின்னது வேணும் என்றவர்களும், குறைந்த விலையில் ஐபோன் வேணும் என்றவர்களும் அந்த 3 கோடியில் கலந்திருந்தார்கள். முதல் எஸ்இ இருவருக்கும் ஒரே பதில். 2020-ல் இருவரையும் பிரித்து, ஒரு கூட்டத்திடம் மட்டும் கூடுதலாக 300 டாலர் கேட்டார்கள். அதுவும் 399 டாலர் எஸ்இ கடைக்கு வந்து ஆறேழு மாதம் கழித்து. ஆகவே மினியின் தோல்வி, சின்ன போனை யாரும் விரும்பவில்லை என்பதை நிரூபிக்கவில்லை. சின்ன போனுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் குறைவு என்பதைத்தான் நிரூபிக்கிறது. இரண்டும் வேறு வேறு.

இனி வருமா?

2022-ல் மூன்றாவது எஸ்இ, 429 டாலர். 2025 பிப்ரவரியில் அதன் இடத்துக்கு 16இ வந்தது. 6.1 அங்குலம், 599 டாலர். எஸ்இ என்ற பெயரே போய்விட்டது.

முதல் எஸ்இ 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 வரை புதுப்பிப்பு வாங்கியது. ஐந்தரை வருஷம் தள்ளி ஒரு புது இயங்குதளத்தைத் தாங்கியது என்றால் காரணம் அதன் புது சிப். விலை 399 ஆக இருந்ததற்குக் காரணம் பழைய உடம்பு. கைக்குள் அடங்கியதற்குக் காரணம், அந்தப் பழைய உடம்பு தற்செயலாகச் சின்னதாக இருந்தது. மூன்றாவதை யாரும் திட்டமிட்டு வடிவமைக்கவில்லை, 2012-இலிருந்து மிச்சமாக வந்தது.

மலிவு பழைய அச்சிலிருந்துதான் பிறக்கும் என்றால், இன்றைக்குப் பழசாகிக்கொண்டிருக்கும் அச்சுகளைப் பார்க்க வேண்டும். எல்லாம் 6.1 அங்குலமும் அதற்கு மேலும். சின்னதாக மிஞ்சியிருப்பது மினியின் அச்சு மட்டும்தான். அதில் வார்த்த கடைசி போனான 13 மினியின் விற்பனையை ஆப்பிள் 2023 செப்டம்பரில் நிறுத்திவிட்டது. இன்னொரு முதல் எஸ்இ வர வேண்டுமென்றால் அது அந்த அச்சிலிருந்துதான் வர முடியும்.